மூக்குக் குறட்டின் பல்தடம்

சென்ற ஆண்டு வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. உடனிருந்தவர்களுக்கு இது சிறிய நிகழ்ச்சியாகத் தோன்றியிருக்கலாம். எழுபத்தொரு வயதில் எனக்கு அது சிறியதாக இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புளி மண்டியில் எடைத் தராசின் பக்கத்தில் நின்றே என் உழைப்புக் காலம் கழிந்தது. ஆயினும் இயந்திரங்களின் மீது எனக்கு அடங்காத விருப்பம் உண்டு. பழைய காகிதக் கடையில் கிடைத்த மோட்டார் வாகன நூல் ஒன்றை அட்டை கிழியும்வரை படித்து, நான் வாங்கிய பழைய கார் ஒன்றை முப்பது ஆண்டுகள் என் கையாலேயே பேணி வந்தேன். அந்த நூல் எனக்குள் பதித்த வழக்கம் ஒன்று உண்டு. புதிய ஸ்பார்க் பிளக்கை அப்படியே மாட்டலாகாது. அதன் முனையில் பொறி தாண்டுகிற இடைவெளியை அளந்து, சரிசெய்த பின்னரே மாட்ட வேண்டும் என்பதே அது.

என் மருமகன் பெங்களூரில் பொறியாளர். அவரிடம் இருப்பது டர்போ பொருத்திய பெட்ரோல் கார். பார்வைக்குச் சிறியது, ஆனால் மிதித்தால் நம் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். விடுமுறைக்கு வந்தவர் அந்தக் காருக்கென நான்கு புதிய பிளக்குகளை வாங்கி வந்து, கூடத்து மேசையின் மேல் பெட்டியோடு வைத்தார். சனிக்கிழமை எங்கள் ஊரிலேயே ஒரு மெக்கானிக்கிடம் அவற்றை மாட்டிக்கொண்டு, மறுநாள் மலையேறிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சனிக்கிழமை காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் நான் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். இடைவெளி மிகவும் குறுகலாக இருந்தது. என் பழைய காருக்கு வைக்கிற அளவில் முக்கால் பங்குகூடத் தேறாது. தொழிற்சாலையில் கவனமின்றி விட்டுவிட்டார்கள் என்று எண்ணி, என் மூக்குக் குறட்டை எடுத்து, நான்கையும் நானறிந்த அளவுக்கு அகட்டி, துடைத்து, இருந்தபடியே பெட்டிக்குள் வைத்தேன். படித்த மருமகனுக்குப் படிக்காத மாமனார் செய்த இந்த உதவி அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு பெருமிதமும் எனக்கு இருந்தது.

மெக்கானிக் தன் கடையில் பெட்டியைப் பிரித்தபோது நானும் அருகில் நின்றிருந்தேன். அவர் கடை திறந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர். "கேப் அளந்துடலாமா சார்?" என்று கேட்டார்.

"வேணாம்ங்க, கம்பெனியிலயே வச்சு வருது. கேப்பத் தொடாம அப்படியே போடுங்க" என்றார் மருமகன்.

நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் மலைப்பாதையின் முதல் வளைவுகளைக் கார் பறவை போலக் கடந்தது. மருமகனின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. பின்னர் ஒரு செங்குத்தான ஏற்றம் வந்தது. அவர் அழுத்தி மிதித்த அந்த நொடியில் வண்டி இருமுறை திக்கியது. காரின் உடல் முழுவதும் நடுங்கியது. ஸ்டீயரிங்குக்கு எதிரே மஞ்சள் எச்சரிக்கை விளக்கொன்று விட்டுவிட்டு எரிந்தது.

"ஒரு சிலிண்டர் அடிக்கல மாமா. இதுக்கு மேல மிதிச்சா மத்ததும் கெட்டுடும்" என்று ஓரம் கட்டினார். கைப்பேசியில் தொடர்பு இல்லை.

கால்மணி நேரம் கழித்து, மூட்டைகளும் ஆட்களுமாக ஒரு ஜீப் ஏறி வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், மேல்மூச்சு வாங்குதா?"

"பிளக்கோ காயிலோ போயிடுச்சு போல" என்றார் மருமகன்.

"எங்க ஜீப்புக்கு பிளக்கே கெடையாது சார், டீசலு. இல்லாத சாமான் எப்டி கெட்டுப்பூடும்?" என்றார் அவர். ஜீப்பில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தணித்து, "மெதுவா என் பின்னாலயே வாங்க. எங்க வூட்டாண்ட பாத்துக்கலாம். நான் ஓட்டறதோட சரி. கழட்டி மாட்றதெல்லாம் எங்க வூட்டுக்காரிதான்" என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தார். எங்களுக்கு வேறு வழியில்லை. நடுங்கும் காரோடு ஊர்ந்தே போய்ச் சேர்ந்தோம்.

புதூர்நாட்டின் ஓரத்தில், வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே இரண்டு பைக்குகள், புல் வெட்டும் இயந்திரம் ஒன்று, மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான் ஒன்று. நாற்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண்மணி, சேலையின் மேல் கணவருடைய பழைய சட்டையை அணிந்தவராய்ப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிசம் இருங்க, கைல பலாப்பால்" என்று மண்ணெண்ணெயால் விரல்களைத் துடைத்தபடி வந்தார்.

"இந்த மாதிரி வண்டி பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்ததில்லீங்கய்யா. தொறந்து பாப்போம். நாலு பைக்கு ஒண்ணா சேந்து கெடக்குது, அவ்ளோதான?"

அவ்வளவு கவலையிலும் மருமகன் சிரித்துவிட்டார்.

அந்தப் பெண்மணியின் வேலையை நான் எவ்வளவு விவரித்தாலும் தகும். இக்காலக் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் அமர்ந்திருக்கும். பேட்டரியின் சிறு மின்சாரத்தைப் பொறியாகப் பாயும் அளவுக்குப் பெருக்கிக் கொடுப்பது அதுவே. அவர் முதலில் ஒரு காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை இயக்கி, கண்ணை மூடி ஒலியைக் கேட்டார். பின்னர் நிறுத்தி, அதை மாட்டி, அடுத்ததைக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒலி மாறவில்லை. "மூணாவது ஆளு தூங்குறாரு" என்றார். உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை. மூன்றாம் காயிலை முதலாவதன் இடத்திலும் முதலாவதை மூன்றாவதன் இடத்திலும் மாற்றிப் பொருத்தி, மீண்டும் கேட்டார். இம்முறை உறங்கியது முதலாம் சிலிண்டர்.

"அப்ப குத்தம் காயில்லதான். கூடவே நவுந்து வந்துச்சு பாருங்க" என்று அதை வெயிலில் திருப்பிக் காட்டினார். அதன் நீண்ட ரப்பர்க் குழாயில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அதைத் துடைத்து, சிலிக்கான் பசை பூசி, வெயிலில் காயவைத்தார்.

இதற்குள் நான் வாளாவிருக்கவில்லை. பிஸ்டன் மேலும் கீழும் செல்வதை அவருக்கு விளக்கினேன். "பிளக் கேப் விசயத்துல நான் எவனையும் நம்பமாட்டேன்மா. முப்பது வருசமா என் மூக்குக் குறட்டாலதான்" என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். அவர், "அப்டிங்களா" என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"செரி, காயில் செத்துச்சு. எதுக்கு செத்துச்சு?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பிளக்குகளைக் கழற்ற முனைந்தார். அதற்கு முன் சைக்கிள் பம்பால் ஒவ்வொரு குழியிலும் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினார். பிளக்கை எடுக்கும்போது எஞ்சினுக்குள் ஒரு மணல்கூட விழலாகாது என்பதற்காக. முப்பது ஆண்டுகளில் ஒருநாளும் எனக்குத் தோன்றாத எச்சரிக்கை அது.

நான்கு பிளக்குகளையும் பழைய துணியில் வரிசையாக வைத்து, இரும்பு அறுக்கும் உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றை முனைகளின் இடையே செருகினார். பைக்குகளுக்கு இதுதான் அவருடைய அளவுகோல். பிளேடு சற்றும் பிடிப்பின்றி ஆடியது.

"டர்போ வண்டிக்கு எப்பவும் சின்ன கேப்தான்னு கேள்விப்பட்டிருக்கேன். இது இன்னா இவ்ளோ அகலம்? ஸ்பார்க்கு சோம்பேறிங்க. எங்க ஈசியோ அங்கதான் பாயும். தாண்டற எடத்த அகலமாக்கிட்டா, ரப்பரப் பொத்துக்கினு பக்கத்து இரும்புல பூந்துடும். அப்டித்தான் காயில் போயிருக்குது." பிறகு ஒரு பிளக்கைக் கண்ணருகே கொண்டுபோனார். "தோ, கொறடு கடிச்ச பல்லு. நாலுலயும் இருக்குது."

அந்தப் பல்தடத்தை நான் அறிவேன். என் குறட்டின் ஒரு பக்கத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கும். நான்கு பிளக்குகளிலும் அந்த ஒரு பல் குறைவாகவே பதிந்திருந்தது.

மருமகன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா மாமா? கேப்பத் தொடாதேன்னு நேருக்கு நேரா சொன்னேன். கொறட்டால கடிச்சு வச்சிருக்கான்!" நான்கையும் கைப்பேசியில் படம் பிடித்தார். "கடை பேரோட வீடியோ போடறேன். உங்க ஊரு குரூப் எல்லாத்துலயும் போடறேன். இனிமே அவன் எவன் வண்டியையும் தொடக்கூடாது. அக்கா, இங்க டவர் எங்க கிடைக்கும்?"

"அந்தப் புளியமரத்தாண்ட போனா ரெண்டு கோடு வரும்" என்று காட்டினார் ஜீப் ஓட்டுநர். மருமகன் விரைந்து நடந்தார்.

அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். இரண்டு நாளில் மருமகன் பெங்களூர் போய்விடுவார், மெக்கானிக் எப்படியாவது சமாளித்துக்கொள்வார், இந்த வயதில் நான் ஏன் தலைகுனிய வேண்டும் என்றெல்லாம் மனம் சுலபமான வழியைத் தேடி ஓடியது.

அந்தப் பெண்மணி பிளேட்டின் கனத்துக்கு நான்கு பிளக்குகளையும் சரிசெய்தார். மூன்றை உள்ளே முறுக்கினார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கணவரை, "போயி டீ போட்டு எடுத்தா" என்று உள்ளே அனுப்பினார். பிறகு என் முகத்தைப் பாராமல், எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஐயா, இத்தையும் முறுக்கிட்டேன்னா பல்லெல்லாம் உள்ள போயிடும். அப்பறம் யாருக்கும் தெரியாது. நானும் வாயத் தொறக்க மாட்டேன், அது என் வேல இல்ல." பிளக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "போன வருசம் ஒருத்தரு, என் கை பட்டுத்தான் பைக்கு நின்னுபோச்சுன்னு சொல்லிக்கினு திரிஞ்சாரு. பெட்ரோல் போட மறந்தது அவரு. மூணு மாசம் இந்தக் கொட்டாய்க்கு ஒரு வண்டி வரல."

அவ்வளவுதான். முறுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பிளக்கைப் பிடித்த கை அப்படியே காத்திருந்தது.

நான் அதை வாங்கிக்கொண்டு புளியமரத்தை நோக்கி நடந்தேன். அங்கே தொடர்பு கிடைத்துவிட்டிருந்தது. மருமகன் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் மெக்கானிக், "நான் தொடல சார், சத்தியமா தொடல சார்" என்று மன்றாடுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"மாப்ள, போனக் குடுங்க" என்றேன். கை நீட்டி நானே வாங்கிக்கொண்டேன். "தம்பி, அந்த பிளக்கை அகட்டினது நான். நீ கடையில பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே வீட்ல வச்சு பண்ணிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சுடுப்பா."

மெக்கானிக் சொன்னார்: "பரவால்லீங்க ஐயா. நானும் ஒருவாட்டி அளந்து பாத்துட்டே போட்டிருக்கணும். நாளைக்கு வண்டியக் கொண்டாங்க, காயில் வரவழைச்சு வைக்கறேன்." சற்றுமுன் அழாத குறையாகக் கெஞ்சியவர் அதே மூச்சில் என் குற்றத்தில் ஒரு பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

மருமகன் என் கையிலிருந்த பிளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பேசியில் எடுத்த படங்களை என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி பிளக்கை வாங்கி முறுக்கினார், உலர்ந்த காயிலைப் பொருத்தினார், வண்டியை இயக்கினார். நான்கு சிலிண்டர்களும் ஒரே தாளத்தில் ஒலித்தன. "எறக்கம்தான, பதமா போங்க. டர்போ விசிலு கேக்கக்கூடாது. கேட்டுச்சுன்னா மறுபடி என்னாண்டதான் வரணும்" என்று மருமகனுக்குச் சொன்னார். அறுத்து வைத்திருந்த பலாச்சுளைகளைத் தையல் இலையில் கட்டி என் கையில் கொடுத்தார்.

அடிவாரத்தை நெருங்கும்போது மருமகன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "மாமா, அடுத்த வாட்டி நான் வர்றப்போ அந்தக் கொறட்ட மட்டும் அத்தைகிட்ட குடுத்து பீரோவுல வச்சுப் பூட்டச் சொல்லிடுங்க." இருவரும் சிரித்தோம். மறுநாள் நானே மெக்கானிக்கின் கடைக்குப் போய், வேறு வாடிக்கையாளர்கள் நின்றிருக்கும்போதே, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கூச்சத்தோடு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

நான் படித்த நூலில் பிளக்கின் இடைவெளியைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. ஆனால் பிறர் தவற்றைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர் எப்படி நின்றால் தவறியவன் தானாகவே எழுந்து நடப்பான் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. எதையாவது சொல்லாமல் விட்டுவிடலாமே என்று மனம் சாய்கிற போதெல்லாம், கடைசிப் பிளக்கை முறுக்காமல் எனக்காகக் காத்து நின்ற, பலாப்பால் வாசம் வீசிய அந்தக் கைதான் இன்றும் என் முன்னே வந்து நிற்கிறது.