மல்லிகா அக்கா சொல்லாமல் விட்டது

நண்பர்களே, ஒரு சீட்டாட்டத்துக்காக எல்லோருக்கும் மின்னஞ்சலா என்று திட்டாதீர்கள், மன்னியுங்கள்.

எங்கள் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனக்கு சாலிட்டேர் என்ற, தனியாக ஆடும் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து மேசை மல்லிகா அக்கா. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆடுவேன். மேலே சீட்டை நகர்த்த வழியில்லாமல் ஆட்டம் பாதியில் நின்றால், வீட்டின் முதல் பட்டதாரிக்கு இவ்வளவுதான் மூளை என்று நொந்துகொண்டு மறுபடி சீட்டைப் போடுவேன்.

இன்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது முடியாது கண்ணு. சில நேரம் சீட்டு விழுகற விதத்துக்கு யாரு ஆடுனாலும் முடியாது."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க அக்கா?"

"சொல்லிப்போட்டா நீ இத்தன ஆசையா ஆடுவியா?"

ஆடியிருக்க மாட்டேன். அதுதான் வலிக்கிறது.

கோபத்தில் இன்னொரு ஆட்டம் போட்டேன். அதுவும் நின்றது. தவறு என்னுடையதா, சீட்டினுடையதா என்று இனி எப்படித் தெரியும்?

கட்டாயம் முடியக்கூடிய ஆட்டம் ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். அக்காவிடம் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.