உதைத்தால் ஓடும் தள்ளுவண்டி

அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு தள்ளுவண்டி இருந்தது. துவைக்கும் பக்கத்திலிருந்து உலர்த்தும் பக்கத்துக்கு ஈரத்துணி கொண்டுபோகிற வண்டி. அதன் முன்சக்கரம் ஒன்று பாதி வழியில் அடம்பிடித்து நின்றுவிடும். நின்றால் என்ன செய்வது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். காலால் ஒரு உதை. க்ரீச் என்று கத்திவிட்டு வண்டி நகரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டும்போதே உதைக்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுவார்கள். மெக்கானிக் எங்கோ தூர தேசத்தில் இல்லை, அதே கட்டடத்தின் பின்பக்கக் கொட்டகையில்தான் இருந்தார். அவரிடம் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் அதெப்படி என்று கேட்காதீர்கள். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில்தான் அது நடக்கும்.

அந்த வண்டிதான் ரயிலக்காவின் வலது மணிக்கட்டை உடைத்தது. பெற்றோர் வைத்த பெயர் வேறு. வேலையில் இறங்கினால் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை நிற்க மாட்டாள் என்பதால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ரயிலக்கா. அவள் வேலை மடிக்கும் மேசையில். அன்றைக்குத் துணி வரத் தாமதமாயிற்று என்று பொறுமை இழந்து தானே போய் வண்டியைத் தள்ளினாள். பாதி வழியில் இருக்கும் சரிவில் சக்கரம் நின்றது. வழக்கம்போல் உதைத்தாள். வண்டி க்ரீச்சிட்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்பி, சுமையோடு சுவரில் போய்ச் சாய்ந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் கை.

முதலாளியம்மா தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டில் பஸ் டிரைவரான கணவர் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பாத்திரம் துலக்கும் விதம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் இன்னொரு கையும் உடைந்திருக்கலாம் என்று ரயிலக்காவுக்குத் தோன்றியது. ஒருநாள் இடது கையாலேயே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துத் தேய்த்தாள்.

"உடம்பு தேறுற வரைக்கும் உட்காரேன், யாரு உன்னை விரட்டுறா?" என்றார் அவர்.

"உட்கார்ந்தா தேறாதுங்க. எனக்கு வேலைக்குப் போனாத்தான் தேறும்."

மாவுக்கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் நல்லது என்றார். எந்த வேலை என்று கேட்டால், "உங்க இடத்துல என்ன வேலை இருக்குன்னு அவங்கதான் சொல்லணும்" என்றார். சூப்பர்வைசரிடம் போனால், "டாக்டர் சொன்னா நான் ஏன் தடுக்கப் போறேன்?" என்றார். ஆபீஸில் கேட்டால் சூப்பர்வைசரைக் கைகாட்டினார்கள். ஆளுக்கு ஆள் அவளைப் பந்தாடினார்கள். கடைசியில் அவள் நேராக முதலாளியம்மாவின் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியம்மா கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுகிறவர். "முன்னாடி கவுண்ட்டர்ல உட்காரு, துணி கொண்டுவர்றவங்களுக்கு டோக்கன் கொடு. அங்க இருந்து பிரசவத்துக்குப் போன பொண்ணு அடுத்த மாசம் பொறந்ததும் வந்துடுவா. அதுக்குள்ள உன் கை மேசைக்குத் திரும்பிடுச்சுன்னா உன் இடம் உனக்கு. திரும்பலைன்னா, எனக்கு வேற வழி இல்ல, வீட்டுக்குத்தான். தினம் ஒரு மணி நேரம் மேசைல பழகிப் பாரு."

மேசை இல்லையென்றால் வீடு. மறுநாள் காலையில் அதே வார்த்தையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் கூடத்துக்குள் நுழைந்தாள்.

அங்கே கிடைத்த வரவேற்பு இருக்கிறதே, கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படிக் கிடைக்காது. ஒருத்தி நாற்காலிக்கு மெத்தை வைத்தாள். ஒருத்தி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள். கீழே விழுந்த டோக்கனை எடுக்கக் குனிந்தால் மூன்று பேர் ஓடிவந்தார்கள். "நீ சும்மா இரு அக்கா, நாங்க இல்லையா?" இதையே காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிற்று. அன்பு வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மேசையில் அவளுக்கு ஜோடி முணுமுணு. வாய்க்குள்ளேயே பேசுகிறவள். அவள் சொல்வதில் பாதி அவளுக்கே கேட்காது, அதனால் அந்தப் பெயர். பெரிய விரிப்புகளை இருவராகத்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்துப் பின்வாங்கி, ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுத்துச் சுருக்கம் எடுக்க வேண்டும். பிறகு முனைக்கு முனை சேர்க்க வேண்டும். இருவரும் வருடக்கணக்காக இந்த வேலையைப் பேச்சில்லாமல் செய்தவர்கள். அந்த இழுப்பிலேயே எதிராளி தயாரா, அசதியா, யார்மேலாவது கடுப்பா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

தினம் அந்த ஒரு மணி நேரத்தில் ரயிலக்கா போய் நின்றாள். மடித்த துணி அடுக்கடுக்காக உயர்ந்தது. கை சரியாகிறது என்றே நம்பினாள். கொஞ்சம் சுருக்கென்றால் பல்லைக் கடித்துக்கொண்டாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. பாதி மாதம் ஓடியபின் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வேலையே செய்யலையா? அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு."

"தினம் பண்றேனே டாக்டர்."

"எப்படிப் பண்றீங்க, காட்டுங்க பாப்போம்."

ரயிலக்கா விருட்டென்று எழுந்து, நோயாளிகள் படுக்கும் கட்டிலிலிருந்து விரிப்பை உருவினாள். இரண்டு முனையை டாக்டரம்மாவின் கையில் கொடுத்தாள். "நல்லா பின்னாடி போங்க. போங்க. இப்ப இழுங்க." டாக்டரம்மா இழுத்தார். ரயிலக்காவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு இழுப்பு ஓடியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த இழுப்பை அவள் கை மறந்தே போயிருந்தது.

"இதைவிட நல்ல பயிற்சி நானே கொடுக்க முடியாது," என்றார் டாக்டரம்மா. "ஆனா சின்னத் துணில ஆரம்பிங்க. கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. குத்துற மாதிரி வலிச்சா உடனே நிறுத்துங்க. வலியோட இழுத்தா நிலைமை மோசமாயிடும்."

அவள் மனம் பாதிதான் அங்கே இருந்தது. முணுமுணு இழுக்கவே இல்லை. இத்தனை நாளும் துணியைத் தொங்கவிட்டு, இவள் கைக்கு வேலை வராமல் பார்த்துக்கொண்டு, இவள் போனபிறகு தனியாக மேசையில் போட்டு நீவியிருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது ரயிலக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இறங்கும்போது கோபத்தோடு அழுகையும் சேர்ந்துகொண்டது.

கூடத்துக்குள் அவள் நுழைந்த நேரம் டீ இடைவேளை. உலர்த்தும் இயந்திரத்தின் அருகே எல்லோரும் இருந்தார்கள்.

"ஏண்டி, ஏன் இழுக்கல?"

முணுமுணு டம்ளரைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"சத்தமாச் சொல்லு."

"இழுத்தா உனக்கு வலிக்கும்னுக்கா."

ரயிலக்கா வாயைத் திறப்பதற்குள் சரிவின் பக்கம் க்ரீச் என்று ஒரு சத்தம். அவள் திரும்பினாள். அவள் இடத்துக்கு வந்திருந்த புதுப்பெண், அதே வண்டியை, அதே இடத்தில் உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரயிலக்கா வண்டியைக் கைகாட்டினாள்.

"அந்த வண்டி இன்னும் ஓடுதா?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "ஓரமாத்தான் போட்டு வச்சோம். வேலை குவிஞ்சு போச்சு, யாரோ எடுத்துட்டாங்க போல. மெக்கானிக்கிட்ட யாராவது சொல்லியிருப்பாங்கன்னு..."

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஒருத்தரும் வாயே திறக்கல. உன் கை உடைஞ்சதுக்கப்புறம் அதைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

"நானும்தான் உங்ககிட்ட சொல்லல," என்றாள் ரயிலக்கா. "எல்லாரையும்போல நானும் உதைச்சேன், அனுபவிச்சேன். அது போகட்டும். ஆனா வண்டிக்குப் பண்ணினதையே இப்ப எனக்கும் பண்றீங்க. ஆளாளுக்கு ஒரு கை கொடுக்குறீங்க, பொறுப்பு மட்டும் ஒருத்தருக்கும் இல்ல. இப்படியே பாசமா பாத்துக்கிட்டீங்கன்னா மாசக் கடைசில நான் வீட்டுல இருப்பேன். எனக்கு மெத்தை வேண்டாம். என் மேசை வேணும்."

 சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளியம்மா அறை வாசலிலேயே நின்றார். ரயிலக்கா டாக்டரம்மா சொன்னதை எல்லோருக்கும் சொன்னாள். வலித்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் விடாமல் சொன்னாள். சூப்பர்வைசர் யோசித்துவிட்டு, முதலில் தலையணை உறை, அப்புறம் ஒற்றை விரிப்பு, கடைசியில் இரட்டை விரிப்பு என்று தானே பிரித்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அவள் கையைத் தூக்காமல் இருக்க, நிற்பதற்கு ஒரு மரப்பலகை அடித்துத் தருவதாகவும், அதற்கும் முன்னால் அந்த வண்டியைக் கழற்றப் போவதாகவும் மெக்கானிக் சொன்னார். முணுமுணு இழுப்பதாகத் தலையாட்டினாள்.

"எல்லாரும் சொல்லியாச்சு. உன் பங்குக்கு நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"நான் என்ன பண்ணணும்?"

"வலிச்சா சொல்லணும். நீ சொல்ல மாட்டே. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறவ நீ. இத்தனை நாள் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இழுக்கவே இல்லையே, எப்படி வலிக்கும்னு அவளாவது கேட்டிருப்பா."

சுரீரென்று பட்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது. "சரி," என்றாள் ரயிலக்கா. "'போதும்'னு சொல்லுவேன். சொன்னா அந்த இடத்துலயே நிறுத்திடணும்."

மறுநாளிலிருந்து முணுமுணு இழுத்தாள். முதல் நாள் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இழுத்தாள், திட்டு வாங்கினாள். ரயிலக்கா பலகைமேல் நின்று, அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நாசூக்கில்லாமல் பதில் சொல்லப் பழகினாள். வலிக்குதா? வலிக்குது. நிறுத்தவா? வேண்டாம், இது சும்மா இறுக்கம். 'போதும்' என்ற வார்த்தையை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. எப்படியோ சொன்னாள். சொன்னதும் முணுமுணு துணியை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தார்கள். மெக்கானிக் வண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டினார். பழக்கதோஷத்தில் ஒருவர் அதை உதைக்க, வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடி சூப்பர்வைசரின் நாற்காலியில் போய் முட்டியது. அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாதக் கடைசி வந்தது. முதலாளியம்மா மேசையருகே வந்து கைகட்டி நின்றார். இரட்டை விரிப்புகள் மலைபோல் கிடந்தன. ரயிலக்காவும் முணுமுணுவும் ஆரம்பித்தார்கள். வெடுக், மடிப்பு, வெடுக், மடிப்பு. பழைய வேகம் கைக்கு வருவது ரயிலக்காவுக்கே தெரிந்தது. மலை முக்கால்வாசி கரைந்திருந்தபோது மணிக்கட்டில் ஒரு குத்தல். இறுக்கம் இல்லை, குத்தல்தான். அடுத்த விரிப்பில் இன்னும் பலமாகக் குத்தியது.

இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, பல்லைக் கடித்தால் முடிந்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. முதலாளியம்மாவின் கண் அவள் கைமேலேயே இருந்தது. மேசை, இல்லையென்றால் வீடு. 

"போதும்."

முணுமுணு துணியை வைத்தாள்.  ரயிலக்கா தலை நிமிரவில்லை, கண் கலங்கியிருந்தது.

"அப்ப முடியல, இல்லையா?" என்றார் முதலாளியம்மா, மெதுவாக.

"முடியும்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முணுமுணு. கடைசி இயந்திரம்வரை கேட்கிற குரல்.

"முடியும்மா. வலிச்சா சொல்லணும், சொன்னா நிறுத்தணும்னு நாங்க பேசி வச்சிருக்கோம். அந்த வண்டியும் தினம் கத்திச்சு. நாமதான் கேக்காம உதைச்சோம்."

முதலாளியம்மா ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியையும் ரயிலக்காவின் கையையும் பார்த்தார். பிறகு கவுண்ட்டரிலிருந்து மெத்தை வைத்த அந்த நாற்காலியைத் தானே இழுத்துவந்து, மேசைக்கு அருகில் போட்டார்.

"உட்காரு. வலி அடங்கினதும் ஆரம்பி. உன் மேசை எங்கயும் போயிடாது."

ரயிலக்கா உட்கார்ந்தாள். அந்த மெத்தையில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முணுமுணு பக்கத்தில் நின்று அந்த மணிக்கட்டை நீவிவிட்டாள். வலி மெல்ல இறங்கியதும் ரயிலக்கா எழுந்து பலகைமேல் ஏறி இரண்டு முனைகளைப் பிடித்தாள்.

"இழுக்கவாக்கா?"

"இழு."

விரிப்பு இருவருக்கும் நடுவில் படாரென்று விறைத்தது.