ஆக்லாந்தின் பொன்சென்

ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் காப்புறுதிக் கோப்புகளோடு மாரடிக்கும் திருநாவுக்கரசுக்கு மனைவி செல்வநாயகிக்கு அடுத்தபடி பிடித்தது பொன்சென். மங்கோலியர் கைக்குள் திபெத் இருந்த காலத்தில் வரி, வழக்கு, வீதி எல்லாம் பார்த்த தலைமை நிர்வாகிக்கு அந்தப் பெயர். சாக்யா மடத்து லாமா ஆளைச் சொல்வார், பேரரசர் நியமிப்பார். கலியாண வீட்டில் இவரருகே அகப்பட்டவர்களுக்குப் பாயசம் ஆறும்வரை திபெத்துத்தான்.

த்ரீ கிங்ஸ் பகுதித் தமிழ் மண்டபத்துக்குத் தேர்தல் நடந்து, வாக்குகள் சமமாக விழுந்ததில், யாழ்ப்பாணத்து வரதராஜனும் திருநெல்வேலி செல்வராஜும் இருவருமே தலைவரானார்கள். ஒருவர் ஹீட்டரைப் போடச் சொன்னால் மற்றவர் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்.

கூட்டத்தில் திருநாவுக்கரசு எழுந்தார். "வரதர் அண்ணை ஒரு ஆளைச் சொல்லட்டும். செல்வராஜ் நியமிக்கட்டும். திபெத்து அப்பிடித்தான் ஓடினது."

"அதுல நான் யாரு?" என்றார் செல்வராஜ்.

"பேரரசர். அண்ணை லாமா."

தான்தான் பெரியவன் என்று இருவரும் எண்ணிக்கொண்டதால் காரியம் முடிந்தது. திருநாவுக்கரசு பொன்சென் ஆனார்.

மறுநாளே, பெயரிலிருந்த பொன்னை நம்பி ஒரு பெண் போன் எடுத்தாள். "அண்ணை, தாலிக்கொடி செய்ய எவ்வளவு நாள் செல்லும்?" அரைமணி நேரம் திபெத்தை விளக்கினார். "ஓம் அண்ணை, விளங்குது. செய்கூலி எவ்வளவு?" என்றாள்.

திபெத்தில் பதின்மூன்று பிரிவு என்பதால் மண்டபத்தையும் பதின்மூன்றாக்கினார். செருப்பு வைக்கும் மூலைக்கும் ஓர் ஆளுநர். பொங்கலன்று அடுப்படியிலிருந்து பந்திக்கு வடை போக மூன்று ஆளுநர்களின் சம்மதம் தேவைப்பட்டது. அவர்களில் செருப்பு ஆளுநர் வந்திருக்கவில்லை. பசியோடு காத்திருந்த தலைவர்கள் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வநாயகி பொறுமையிழந்து, யாரையும் கேளாமல் வடைச்சட்டியைத் தூக்கி வந்து பரிமாறினாள்.

"இவரைத் தூக்கிரலாமா?" என்று திருநாவுக்கரசைக் காட்டிக் கேட்டார் செல்வராஜ்.

"ஓம், தூக்கத்தான் வேணும்."

திருநாவுக்கரசுக்கு முகம் வெளுத்தது. "ஒரு பொன்சென்னைப் பேரரசர் கொன்றே போட்டவர்!"

"நாங்க அவ்வளவு தூரம் போகல சார்."

வரதராஜன் செல்வநாயகியின் பெயரைச் சொன்னார். செல்வராஜ் வடையை மென்றுகொண்டே நியமித்தார்.

"பெண்சாதிக்குக் குடுத்ததுக்குச் சரித்திரத்திலை ஆதாரமில்லை!"

"இஞ்சேருங்கோ, சரித்திரம் இருக்கட்டும். கதிரைகளை அடுக்குங்கோ," என்றாள் புதிய பொன்சென். லாமாவிடம் விளக்குமாற்றைக் கொடுத்தாள். பேரரசரைப் பாத்திரம் கழுவ அனுப்பினாள். இருவரும் மறுபேச்சில்லாமல் போனார்கள்.

திருநாவுக்கரசுக்கு மனசு சரியில்லை. பாத்திரம் துடைக்கத் துணியோடு போய் நின்றார். நுரைக் கையோடு செல்வராஜ் திரும்பினார்.

"ஏன் சார், அந்த ஆளைக் கொல்ற அளவுக்கு அவரு என்னதான் பண்ணாரு?"

இதுவரை யாரும் அவரிடம் தாமாகக் கேட்டதில்லை. திருநாவுக்கரசு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தொடங்கினார்.