படகுக்கு அடியில் தெரிந்த கால்கள்

கம்பத்தில் அப்பா வைத்திருந்த வெல்டிங் பட்டறையில் அதுவரை கதவும் ஜன்னலும் டிராக்டர் டிப்பரும்தான் செய்திருந்தார்கள். குமுளிக்கு அப்பால் மலைமேல் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர் தன் ஏரிப் படகைப் பழுது பார்க்கக் கீழே அனுப்பி, அதை ஏற்றி இறக்க ஒரு டிரெய்லரும் செய்யச் சொன்னதும் பட்டறைக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. ஓணத்துக்கு விருந்தாளிகள் வருவார்கள், அதற்குள் படகு ஏரியில் இருக்க வேண்டும் என்பது பேச்சு. டிரெய்லர் ஒரு வாரத்தில் தயாராகிவிட்டது. அதன் பின்விளக்குதான் எங்கள் வீட்டைப் பாடாய்ப்படுத்தியது.

படகை இறக்கும்போது டிரெய்லரின் பின்பாதி தண்ணீருக்குள் போகும். விளக்கும் கூடவே முங்கும். லாரிக்குப் போடுகிற விளக்கை மாட்டினால் ஒரே முழுக்கில் செத்துவிடும் என்றார் அப்பா. சித்தப்பா தேனிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறி, தினுசு தினுசாக விளக்கு வாங்கி வந்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி, பட்டறையில் வயரிங் வேலையெல்லாம் அவருடையது. எதையும் நாலு பேர் பார்க்கச் செய்தால்தான் அவருக்குச் செய்த மாதிரி இருக்கும்.

சோதனை எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மில் நடந்தது. ஒவ்வொரு விளக்கையும் திறந்து, உள்ளே ஒரு துண்டு வெள்ளைத்தாளில் துளி குங்குமத்தைத் தூவி மூடி, கல்லைக் கட்டி முக்கிவிடுவார் அப்பா. ஈரம் ஏறினால் தாள் சிவந்துவிடும். சாமி குங்குமத்தை எடுத்ததற்கு அம்மா ஒரு பாட்டம் திட்டினாள், குடிக்கிற தண்ணீரைக் கெடுத்ததற்கு இன்னொரு பாட்டம். மறுநாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எல்லாத் தாளும் சிவப்பு. தடித்த ரப்பர் வளையம் போட்ட ஒரு ஜோடியில் மட்டும் குங்குமம் பொடியாகவே இருந்தது. அப்பா அதை ஊதிவிட்டு, “இது தாங்கும்லே” என்றார். சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை.

புறப்பட்ட அன்று பள்ளிக்கூட லீவு. ஏரியில் படகுச் சவாரி உண்டு என்று சொல்லி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. வழியில் படகு ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு கண்மாயில் இறக்கினார்கள். பட்டறையில் கிளம்பும்போதே பட்டப்பகலில் பின்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் சித்தப்பா. தண்ணீருக்குள் போகும்போதும் அணைக்கவில்லை. கரையில் மாடு மேய்த்தவர்கள், துணி துவைத்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கலங்கிய தண்ணீருக்குள் இரண்டு சிவப்பு வெளிச்சம் அணையாமல் எரிந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

டிரம்மில் முக்கியது எரியாத விளக்கு. வெகுநேரம் எரிந்து சூடேறிய விளக்கைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எவ்வளவு நல்ல ரப்பர் என்றாலும் அதன் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சின்ன விஷயம் பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாரலோடு மஞ்சு என்கிற மலைப்பனி இறங்கி, முன்னால் போகிற வண்டிகூடத் தெரியவில்லை. பாதி மலையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டிக் கத்தினார்.

“ஏப்பா, பின்னாடி லைட்டு இல்லாம என்னத்த இழுத்துட்டுப் போறீக? இன்னும் கொஞ்சத்துல ஏத்திருப்போம்!”

அப்பாவும் சித்தப்பாவும் இறங்கிப் பார்த்தார்கள். இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் நின்றது. அப்பா என்னவோ சொன்னார், சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். திரும்ப முடியாது, வளைவில் நிற்கவும் முடியாது. சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்தார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை அதன்மேல் சுற்றினார்.

“நீ மெதுவா ஓட்டுண்ணே. நான் பின்னால நடந்தே வாரேன்.”

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் மைதானத்தைச் சுற்றி வரச் சொல்வார்கள். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்தேன்.

ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்தது. எனக்கு எதிரே படகின் மூக்கு. படகுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மட்டும்தான் பின்னால் வருவது தெரியும். அதில் சித்தப்பாவின் கால்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும், சிவப்பு வெளிச்சத்தில் நடந்து வந்தன.

“ஆத்தா, சித்தப்பா கால் தெரியுதா?” என்று என்னைக் கேட்டார் அப்பா, திரும்பாமலே.

“தெரியுதுப்பா.”

ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஜீப்புகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பின்னால் ஏதாவது வந்து இடித்தால் படகு ஜீப்பைத் தள்ளும், ஜீப் பள்ளத்தில் விழும், அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது.

அப்போதுதான் லாரி வந்தது. முதலில் சத்தம், பிறகு மஞ்சு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அந்தக் கால்கள் நின்றன. அப்படியே திரும்பி, குதிகாலை எனக்குக் காட்டிக்கொண்டு லாரியைப் பார்த்து நின்றன. நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். கால்கள் சின்னதாகிக்கொண்டே போயின. சித்தப்பா ஏதோ கத்துவது கேட்டது. டயர் தேயும் சத்தம் கேட்டது. லாரி வெளிச்சம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. இடைவெளியில் வெறும் ரோடுதான் இருந்தது.

“கால் தெரியுதா?”

நான் குனிந்து அந்த இடைவெளியையே பார்த்தேன்.

“ஆத்தா! கால் தெரியுதான்னு கேக்கேன்!”

“தெரியலப்பா.”

அப்பா நடுமலையில் ஜீப்பை நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு படகுக்கடியில் சிவப்பு வெளிச்சம் ஆடிக்கொண்டு ஓடி வந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“போண்ணே, போ! ஒண்ணுமில்ல!”

குமுளி செக்போஸ்ட் விளக்கடியில் வண்டி நின்றது. அப்பா இறங்கிப் பின்னால் போனார். சித்தப்பா தெப்பமாக நனைந்து நின்றார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தமே வராததால் திறந்து பார்த்தேன். அப்பா தன் இரண்டு செருப்பையும் கழற்றி, காலாலேயே சித்தப்பாவிடம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு பாறைப்பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. இவ்வளவு நடக்கவிட்டது போதாதா, இன்னும் ஏன் முகம் திருப்ப வேண்டும்? வழியெல்லாம் கால் தெரியுதா, கால் தெரியுதா என்று கேட்டுக்கொண்டே வந்தாரே, அதுகூடச் சித்தப்பா தண்டனையிலிருந்து நழுவி ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.