கிராம சபையில் தூக்கிய கைகள்

என் மகனுக்கு ஒன்றரை வயதாகியும் பிறந்த முடி எடுக்கவில்லை. அவன் அப்பா வந்துதான் குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். முடி கண்ணை மறைக்கும். உச்சியில் ரப்பர் பேண்டு போட்டுக் குடுமி கட்டிவிடுவேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பெண் குழந்தையா என்று கேட்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போனவர், திரும்ப வேண்டிய நேரத்தில் இன்னும் சில மாதம் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று போன் செய்தார். அதே வாரம் நூறு நாள் வேலையில் ஓர் அக்கா வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு, "நம்ம நாடு யார் கூடவோ கூட்டு சேந்துக்கினு சண்டைக்குப் போவுதாம்மே! உன் வூட்டுக்காரரு அங்கதான கீறாரு?" என்றாள். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுதந்திர தினத்தன்று கிராம சபையில் குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்ததும் எழுந்து நின்றேன். "என் வூட்டுக்காரரு அமைதிப்படைல கீறாரு, வர்ற நாளு தள்ளிப் போச்சி. நம்ம நாடு எந்தக் கூட்டுல கீது? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க."

உத்திரமேரூரிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்திருந்த கல்லூரி ஆசிரியை மைக்கை வாங்கினார். ஒரு நாட்டை அடித்தால் மற்ற நாடுகளும் துணைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ராணுவக் கூட்டணிகள் உண்டு, இந்தியா அப்படி எதிலும் இல்லை, பல நாட்டுப் படைகளோடு சேர்ந்து பயிற்சி மட்டும் செய்கிறது என்றார். "அமைதிப்படை வேறம்மா. ஐ.நா. கேட்டு நாம அனுப்பறது. அங்க ஜனங்களைக் காப்பாத்தறதுதான் உங்க வீட்டுக்காரருக்கு வேலை." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அப்போ கூட்டும் இல்ல, சண்டையும் இல்ல. பெத்த புள்ள மூஞ்சியப் பாக்காம அவன ஏன் புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க? அனுப்பச் சொல்லித் தீர்மானம் போடுப்பா!"

ஊராட்சிச் செயலர் தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவரே, இது டில்லி விஷயம். நம்மளுக்கு அதிகாரம் கெடையாது."

"ஓட்டு போடறத ஆயிரம் வருசம் முன்னாடியே உத்திரமேரூர்ல கல்லுல வெட்டி வெச்சிக்கீது. நம்மளுக்கா அதிகாரம் இல்ல?"

"தீர்மானம் போட்ட தெருவிளக்கே இன்னும் வரல, நைனா!" என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்தது.

சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு தெருக்காரர்களும் தூக்கினார்கள். கடைசியில் அந்த ஆசிரியையும் தூக்கினார். இது எங்கும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். செயலர் எதையும் எழுதவில்லை. தூக்கிய கைகளை நான் போட்டோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வீடியோ காலில் வந்தார், தலையில் நீலத் தொப்பி. மகனைக் காட்டச் சொன்னார். அப்புறம், "புள்ளைக்குக் கண்ணே தெரியல பாரு. முடிய எடுத்துடுடி" என்றார்.

"மாட்டேன். நீங்க வாங்க."

அவர் மெதுவாகத் தன் கையைத் தூக்கினார். "என்னையும் சேத்துக்கச் சொல்லு."

மகன் குடுமியோடு தத்தித் தத்தி நடந்து வந்து போனுக்கு அருகே உட்கார்ந்தான். அப்பாவைப் பார்த்தான். வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.