சந்தானம் எழுதிய ‘சம்மதம்’

சந்தானம் போய்விட்டார். நேற்று மாலை, எடிசனில், வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக். காலையில் அவர் மனைவி காயத்ரி ஃபோன் பண்ணிச் சொன்னார்.

அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே “நல்லவேளை, பேசிட்டோம்” என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதை இங்கே மறைக்கத் தோன்றவில்லை.

முன்பு பார்சிப்பனி ஆஃபீஸில் நாங்கள் ஒரே டீம். சனிக்கிழமைகளில், ஆஃபீஸ் வேலைக்கு வெளியே, இருவருமாக ஒரு கோட் எடிட்டர், அதாவது ப்ரோக்ராம் டைப் பண்ணும் பெட்டி, எழுதினோம். எந்த வெப்சைட்டிலும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

அதில் தமிழில் டைப் பண்ணினால் கர்சர் ‘கொ’வுக்கு நடுவில் போய் நிற்கும். அதைச் சரிசெய்ய சந்தானம் நான்கு மாதம் உட்கார்ந்தார். லஞ்சில்கூட ஒரு கையில் சப்பாத்தி ரோல், இன்னொரு கையால் கொ, கோ, கௌ...

அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தோம்; எந்த நிபந்தனையில் என்று சொல்லும் லைசென்ஸ் அவர் தேர்வு. ஜிபிஎல். எங்கள் எடிட்டரைத் தங்கள் மென்பொருளில் சேர்த்து வெளியிடுகிறவர்கள், அந்த மென்பொருளின் கோட் முழுவதையும் திறந்து கொடுக்க வேண்டும்.

நான் அமெரிக்காவின் மறுகோடிக்கு, மில்பிடாஸுக்கு வந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித்தரும் ஒரு சின்ன கம்பெனி எங்கள் எடிட்டரைக் கேட்டது. லைசென்ஸைப் பார்த்ததும் அவர்கள் வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார்.

மாற்ற சந்தானத்தின் சம்மதம் வேண்டும். பாதி கோட் அவருடையது. ஃபோனில் கேட்டேன்.

“யாரோ ஒரு வக்கீல் சொன்னா மாத்திடுவியா, ரேவதி?”

“அப்ப உங்க பகுதியைத் தூக்கிட்டு நானே எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கோ.”

அதோடு ஒன்றரை வருடம் பேச்சில்லை. நானே எழுதியும் பார்த்தேன்... வரவில்லை.

போன மார்ச்சில் ஒரு வளைகாப்புக்கு எடிசன் போயிருந்தேன். ஓக் ட்ரீ ரோடு மளிகைக்கடை க்யூவில் எனக்கு முன்னால் முருங்கைக்காயோடு சந்தானம்.

திரும்பிப் பார்த்தார். “கர்சர் ஒழுங்கா நிக்குதா?”

“இல்ல.”

சிரித்துவிட்டார். பக்கத்துக் கடையில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்றுதான் சொன்னார். முன்பு ஒருமுறை, எந்த நிபந்தனையும் இல்லாமல் தான் எழுதிய கோட் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். ஒரு கம்பெனி அதை எடுத்து, நன்றாக வளர்த்து, மூடி வைத்துக்கொண்டது. “நான் ஆரம்பிச்சது... அது இப்ப எப்படி இருக்குன்னு எனக்கே பாக்க முடியல.”

எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

எம்பிஎல் என்ற இன்னொரு லைசென்ஸ் பற்றிச் சொன்னேன். எங்கள் ஃபைல்களில் எதை மாற்றினாலும் அந்த மாற்றத்தைத் திறந்து கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் தங்களுடைய மற்ற கோட் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொள்ளலாம்.

“படிச்சுட்டுச் சொல்றேன்” என்றார். மூன்று வாரம் படித்தார். பிறகு ஒரு மெயில்: “சம்மதம். உன் ரீட்மீயில பதினோராவது வரியில ஒரு கமா விட்டுப்போயிருக்கு.”

அன்றே லைசென்ஸை மாற்றினேன், எடிட்டரின் அறிமுகக் குறிப்பான அந்த ரீட்மீயில் கமாவையும் போட்டேன். இப்போது அந்தக் கம்பெனியில் படிக்கும் பிள்ளைகள் அதில்தான் எழுதுகிறார்கள்.

காலையில் காயத்ரி இன்னொன்றும் சொன்னார். “அன்னிக்குக் கடையிலேருந்து வந்ததும் உன்னப் பத்திதான் பேச்சு. ‘ரேவதி இன்னும் சண்டை போடறா, நல்லாத்தான் இருக்கா’ன்னார்.”

சரி சந்தானம்... நிம்மதியாப் போங்க. இந்த வாரம் நம்ம எடிட்டர்ல தப்புன்னு வந்த ரெண்டு பக் ரிப்போர்ட்டை நான் பாத்துக்கறேன்.