மாலை போட்ட மூன்று சிலிண்டர்

போன வருடம் ஆனி மாதம், சித்தூரிலிருந்து திருப்பதி போகும் நான்குவழிச் சாலையில் நடந்தது இது. மாங்காய் சீசன். கண்ணாடியை இறக்கினால் வழியெல்லாம் பழவாசனை.

நான் சித்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு குடிபாலா பக்கம். கார் வாங்குவதற்கு முந்தைய ஆறு மாதம் நான் இந்த உலகத்திலேயே இல்லை. மிஷின் ஒரு பக்கம் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். நான் போனில் சின்ன டர்போ பெட்ரோல் கார்களின் வீடியோக்களைப் பார்த்தபடி கிறங்கிக் கிடப்பேன். ஆயிரம் சிசிக்கு ஒன்று குறைவு, மூன்றே சிலிண்டர், ஆனால் நூறு குதிரைத் திறன்! வெளியே போகிற புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் வெளிக்காற்று அமுக்கப்பட்டு இன்ஜினுக்குள் திணிக்கப்படும். வீணாய்ப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்கிய அந்த மூளையை நினைத்து நினைத்து மாய்ந்துபோவேன்.

"சின்ன இன்ஜின், டர்போ வேற, நாள்பட தாங்காதுப்பா" என்று கடைக்கு வருகிற யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன். சரியான ஆயில், நேரத்துக்கு சர்வீஸ், மூச்சு முட்ட ஓடிய வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது, இதைச் செய்தால் லட்சம் கிலோமீட்டர் அசையாது என்று பாடம் நடத்துவேன். அவர் பாவம், ஆதார் காப்பி எடுக்க வந்தவராக இருப்பார்.

கார் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அக்காவுக்குத் திருப்பதியில் அரசு டீச்சர் வேலைக்கான சர்டிபிகேட் சரிபார்ப்பு. அக்கா இருபது வருடம் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவள். எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுப்பதே அத்தி பூத்தாற்போல. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பத்து மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். "நான் பஸ்லியே பூடறேன்டா" என்றாள் அக்கா. நான் விடவில்லை. என் கார் போகிற முதல் நல்ல காரியம் அதுவாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

விடியும்போதே காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்க் காருக்குப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. தொடை தடிமனுக்குச் சாமந்தி மாலை ஒன்று வாங்கி, காரின் முன்பக்கத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கட்டினேன். பூஜையில் வைத்த சிவப்புத் துணியையும் நான்காக மடித்து, மாலைக்குக் கீழே இருந்த முன்பக்கக் கிரில் வலைக்கு மேல் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"இவ்ளோ பெரிய மாலை இன்னாத்துக்குடா? கைட்டி உள்ள வெச்சிக்கோயேன்" என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் பூஜை மாலையை வண்டி வீடு திரும்பும்வரை கழற்றமாட்டார்கள். கழற்றினால் அபசகுனம் என்பார்கள். ஆனால் எல்லாரும் கோயிலிலிருந்து வீட்டுக்குத்தான் மெதுவாக ஓட்டிப் போவார்கள். நான் பூஜை முடிந்து எட்டு மணிக்கு மேல் நேரே ஹைவேயில் ஏறினேன்.

அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது! இரண்டு பக்கமும் மாந்தோப்பு. தூரத்து மலைகள் பாதி தூக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தன. காலை அழுத்துவேன், ஒரு கணம் ஒன்றும் இருக்காது, பிறகு யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவது போல வண்டி கிளம்பும். அதற்காகவே வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஏற்றினேன். சாலை எனக்குக் கீழே ஓடுகிறதா, நான் அதன்மேல் மிதக்கிறேனா என்று தெரியவில்லை. அக்கா சர்டிபிகேட் பைலை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு பயந்திருந்தாள் என்று நான் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாகாலா தாண்டி ஓர் ஏற்றம். "டேய், ஏசில சூடா காத்து வருதுடா" என்றாள். புது வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் அந்தத் தள்ளல் காணாமல் போனது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகியது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி அணைத்தேன். பானெட்டில் கை வைக்க முடியவில்லை.

மணி எட்டே முக்கால். ஷோரூமுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஹைவே பஸ்கள் கை காட்டினாலும் நிற்பதாக இல்லை. நான் கார் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சென்சார் கோளாறா, பம்ப் கோளாறா என்று தேடுகிறேன். அக்கா சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் தலையெழுத்துடா" என்றாள். அந்தச் சொல் என்னை அறைந்தது. செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது எதிர்ப்பக்கம் சித்தூரை நோக்கி வந்த ஒரு மினி டெம்போ நின்றது. பின்னால் முழு லோடு மாங்காய். ஓட்டி வந்தவர் ஒரு பெண். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. சாலையைக் குறுக்கே கடந்து வந்து, "ஏமைந்தி அண்ணா?" என்று தெலுங்கில் விசாரித்தார். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். காரின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"மூக்க இறுக்கி கட்டிட்டு ஓடு ஓடுன்னா எப்டிண்ணா ஓடும்? துன்றதே காத்துதான அது?"

ரேடியேட்டர், ஏசியின் கண்டென்சர், டர்போ அமுக்கிய சூட்டுக்காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர், மூன்றும் எதிரே வருகிற காற்றை நம்பி அந்த வலைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அது எனக்குத் தெரியும். படம் வரைந்துகூடக் காட்டுவேன். தெரிந்தே அதன்மேல் துணியைக் கட்டியிருக்கிறேன்.

"சாமி மாலை..." என்று இழுத்தேன்.

"சாமி கோச்சுக்காது. வண்டி கோச்சிக்கினு கீது பாரு" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். மாலையைக் கண்ணில் ஒற்றி அருகிலிருந்த வேப்பங்கிளையில் மாட்டினார். வலை முழுக்கச் சாமந்தி இதழ் அப்பியிருந்தது. "ரேடியேட்டர் மூடியத் தொறக்காத, தண்ணி மூஞ்சில அடிக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்றார்.

ஒரு மணி நேரமா! அக்கா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் தன் லோடை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஏறுக்கா. என்து ரெண்டே சிலிண்டர்தான், ஆனா நிக்காது" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் டெம்போ அடுத்த திருப்பத்தில் வளைந்து, வந்த வழியே திருப்பதிக்குப் போய்விட்டது.

நான் வேப்பமர நிழலில் தனியே உட்கார்ந்தேன். சூடு ஆறும் இன்ஜின் டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. காற்றில் மாலை அசைந்தது. கண் சொருகி விழித்தபோதெல்லாம், நடந்தது கனவோ என்று பார்ப்பேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்.

பத்தரை மணிக்குச் சாவி போட்டேன். தண்ணீர் அளவு சரியாக இருந்தது. வண்டி ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பியது. இன்றுவரை தொல்லை தந்ததில்லை. நம்பத்தகாதவன் நான்தான், இன்ஜின் அல்ல.

திருப்பதியில் அக்கா ஆபீஸ் வாசலிலேயே நின்றாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டாளாம். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு மாம்பழக் கூழ் பேக்டரிக்கு லோடு எட்துகினு போச்சிடா. ஒம்போதரைக்கு டோக்கனாம். வுட்டா நாள் கணக்குல லைன்ல நிக்கணுமாம். எறங்கும்போதுதான் சொல்லிச்சி."

அந்த வெயிலில் பழுத்த காய் நாள் கணக்கில் தாங்குமா? அன்று மாலையே சித்தூர் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கூழ் பேக்டரி வாசலாக, டிராக்டர் டெம்போ வரிசைகளில் தேடினோம். மறுநாளும் தேடினோம். வண்டி நம்பரை இருவருமே பார்த்து வைக்கவில்லை.

அக்கா இப்போது எல்லையோரத்து அரசுப் பள்ளி ஒன்றில் தமிழ் மீடியம் டீச்சர். முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள், பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்தது. அந்த மாங்காய் அன்று விலைபோயிற்றா, இல்லை ரோட்டோரம் கொட்டினாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் அக்காவின் இந்த நாற்காலி அந்த ஒரு லோடின் மேல்தான் போடப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.